கொடுத்தது நின்றது: சென்னையில் ஒரு நாள் பயணமும் ஒரு சிறுவனின் கேள்வியும்





சென்ற ஆண்டு என் மனைவியின் தமையனார், தம் மூத்த மகளின் நிக்காஹ்வுக்குத் துணிமணி எடுப்பதற்காக மேலப்பாளையத்திலிருந்து குடும்பத்துடன் சென்னை வந்திருந்தார். தியாகராய நகர்க் கடைகளில் இரண்டு நாள்கள் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில், “மச்சான், இவ்வளவு தூரம் வந்துட்டோம். பிள்ளைங்களுக்குக் கடற்கரையையாவது காட்டிட்டுப் போவோம்” என்றார். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனும் உடன் கிளம்பினான்.

கடற்கரையோடு நில்லாமல், வழியில் சில இடங்களையும் காட்டலாம் என்று எண்ணினேன். சைதாப்பேட்டை, அடையாறு, சாந்தோம், மயிலாப்பூர், சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, இராயப்பேட்டை என்று சுற்றி, மாலையில் மீண்டும் தியாகராய நகருக்கே திரும்பினோம். சேப்பாக்கத்தில் நின்றபோது அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டான். அதற்கு நான் உடனே விடை சொல்லவில்லை. நாள் முழுவதும் நாங்கள் கண்ட இடங்களே அதற்கு விடையாக அமைந்தன. அந்த விடையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

பாலம் கட்டிய வணிகர்

தியாகராய நகர் பழைய ஊரன்று. மயிலாப்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் ஒட்டி நீண்டு கிடந்த ஒரு பெரிய ஏரியின் பகுதியைத் தூர்த்து, 1920களில் உருவாக்கப்பட்ட குடியிருப்பு அது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்கு முன்பு அங்கிருந்த சிற்றூரின் பெயர் மாம்பலம். அந்த மாம்பலமே ஆங்கிலேயர் நாவில் ‘மர்மலாங்’ என்று திரிந்தது என்பர்.

அந்தப் பெயரில் ஒரு பாலம் இருந்தது. தியாகராய நகரிலிருந்து தெற்கே சென்றால் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்க வேண்டும். இன்று நாம் கடப்பது மறைமலை அடிகள் பாலம். அது கட்டப்படுவதற்கு முன்பு, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அங்கே நின்றது மர்மலாங் பாலம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். வெள்ளக் காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் மக்கள் தவித்த நிலையை அவர் போக்கினார். கட்டியதோடு விடாமல், அதன் பராமரிப்புக்கென்றும் தனியே நிதி ஒதுக்கினார். பரங்கிமலையின் மேலே ஏறிச் செல்லும் கற்படிகளும் அவர் அமைத்தவையே. பழைய பாலம் மறைந்த பின்னும் அதைப் பற்றிய கல்வெட்டு சைதாப்பேட்டையில் எஞ்சியிருக்கிறது.

உஸ்கான் கிறிஸ்தவர். ஆயினும், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நாம், இக்கல்வெட்டின் முன் சிறிது நேரம் நின்று சிந்திக்கலாம். அவர் ஈட்டிய செல்வம் இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் கட்டிய பாலம் மட்டும் ஏறத்தாழ ஏழெட்டுத் தலைமுறைகளை ஆற்றின் மறுகரை சேர்த்தது.

அடையாற்றின் ஆலமரம்

ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கிச் சென்றால், அது கடலோடு கலக்கும் இடத்தருகே பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம் இருக்கிறது. நியூயார்க்கில் 1875இல் தொடங்கப்பட்ட இச்சபை, 1882இல் தன் தலைமையகத்தை அடையாற்றுக்கு மாற்றிக்கொண்டது. அங்குள்ள மாபெரும் ஆலமரத்தைக் காணவே பலர் செல்கின்றனர். அதன் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. ஆயினும் விழுதுகள் ஊன்றி நின்றதால் மரம் இன்றும் பரந்து நிழல் தருகிறது. 1886இல் நிறுவப்பட்ட நூலகம் ஓலைச்சுவடிகளுக்கும் கீழைத்தேய நூல்களுக்கும் பெயர்பெற்றது. கோயில், தேவாலயம், பௌத்த ஆலயம் ஆகியவற்றோடு 1937இல் கட்டப்பட்ட சிறு பள்ளிவாசல் ஒன்றும் அத்தோட்டத்தினுள் உண்டு. பார்வையாளர் நேரம் குறுகியது. முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நல்லது.

சமயங்களைப் பற்றிய அச்சபையின் கோட்பாடு நம்முடைய கோட்பாடு அன்று. “உங்கள் மார்க்கம் உங்களுக்கு” என்னும் தெளிவோடுதான் நாம் அங்கே நிற்கிறோம். ஆனால் அந்தத் தெளிவு, அண்டை வீட்டாரின் விருந்தோம்பலை மதிப்பதற்குத் தடையாகாது. இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல அந்த மரநிழல் நல்ல இடம்.

‘அவாரியன்’ என்ற சொல்

அடையாற்றிலிருந்து வடக்கே திரும்பினால் சாந்தோம். கோட்டையும் ‘மெட்ராஸ்’ என்ற பெயரும் தோன்றியது 1639ஆம் ஆண்டை ஒட்டித்தான். மயிலாப்பூரோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கடல் வணிகர் அறிந்த துறைமுகம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே குடியேறித் தேவாலயம் எழுப்பினர். இப்போது நாம் காணும் உயர்ந்த கோபுரமுடைய பேராலயம் 1896இல் கட்டி முடிக்கப்பட்டது. ஈஸா நபி (அலை) அவர்களின் சீடரான தோமா இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறிஸ்தவ மக்களின் நம்பிக்கை.

இங்கே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு செய்தி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, இந்த அடக்கத்தலத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்கள் மட்டுமின்றி முஸ்லிம்களும் இங்கே வந்து சென்றதாகவும், அவர்கள் அந்தச் சீடரை ‘அவாரியன்’ என்று அழைத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். இது என்ன சொல் என்று ஆராய்ந்தவர்கள், ‘ஹவாரீ’ என்னும் அரபுச் சொல்லே இவ்வாறு திரிந்திருக்க வேண்டும் என்று விளக்கினர். ஈஸா நபி (அலை) அவர்களின் தோழர்களைத் திருக்குர்ஆன் ‘ஹவாரிய்யூன்’ என்று அழைப்பதை நம் மக்தபுப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இந்த ஒரு சொல்லிலிருந்து நாம் விளங்கிக்கொள்வது என்ன? எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கோட்டைகளோ நவாப்களோ இல்லாத காலத்தில், இந்தக் கரையில் அரபுச் சொல் பேசிய முஸ்லிம்கள் நடமாடினர். அவர்கள் படை நடத்தி வந்தவர்கள் அல்லர். கப்பலில் சரக்கோடு வந்தவர்கள். இம்மண்ணில் நம் வேர் வணிகத்தின் நேர்மையில் ஊன்றியது. அரசாட்சி அதற்கு நெடுங்காலம் பின்னரே வந்தது.

மயிலைக் குளக்கரையில்

சாந்தோமிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் கபாலீசுவரர் கோயிலின் தெப்பக்குளம். நாங்கள் குளத்தைச் சுற்றியுள்ள வீதியில் நின்றே பார்த்தோம். இக்குளம் அமைந்துள்ள நிலம் ஆர்க்காட்டு நவாப்களால் வழங்கப்பட்டது என்பது மயிலையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அதன் நினைவாக, முஹர்ரம் பத்தாம் நாளில் முஸ்லிம்கள் இக்குளத்தின் நீரைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது.

முஹர்ரம் மாதத்துப் பஞ்சா முதலியவற்றைப் பற்றி உலமாக்களின் கருத்து என்ன என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை இங்கே மீண்டும் விவரிக்கப் போவதில்லை. நான் சுட்டுவது வேறொன்று. ஒரு கோயில் குளக்கரையில் முஸ்லிம்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது. அதைக் கொடுத்தவர்களும் ஏற்றவர்களும் மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. எனினும் அதை மயிலைவாசிகள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். அன்பளிப்பாகச் சென்ற நிலம் அன்பாகவே நிலைத்திருக்கிறது.

சேப்பாக்கத்தில் எழுந்த கேள்வி

மெரினாவை ஒட்டி வடக்கே சென்று, சேப்பாக்கம் எழிலகத்தின் அருகில் இறங்கினோம். செந்நிறச் சுவர்களும் குவிமாடங்களும் வளைவுகளும் கொண்ட ஒரு பழைய மாளிகை அங்கே நிற்கிறது. பிள்ளை அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாமா, பள்ளிவாசல் மாதிரி இருக்கே, இது யாரு கட்டினது?” என்றான். ஆர்க்காட்டு நவாபின் அரண்மனை என்றேன். “அப்போ இது ஏன் இப்போ நம்மகிட்ட இல்ல?” என்று கேட்டான்.

இந்தக் கேள்வியைப் பலர் ஆதங்கத்தோடு கேட்பார்கள். அதற்கு விடையாக ஒரு பெருமூச்சு விடுவார்கள், அல்லது ஆங்கிலேயரைப் பழித்துவிட்டு நகர்வார்கள். ஆனால் வரலாறு இவ்விரண்டையும் விடக் கூர்மையானது.

கர்நாடகத்தின் நவாபாக இருந்த அன்வருத்தீன் கான் 1749இல் ஆம்பூர்ப் போரில் உயிர்நீத்தார். அவருடைய மகன் முஹம்மது அலீ வாலாஜா ஆங்கிலேயக் கம்பெனியின் துணையோடு ஆட்சியை நிலைநிறுத்திக்கொண்டார். ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக்கே குடிபெயர்ந்து, 1768இல் இந்த அரண்மனையைக் கட்டினார். கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு மாளிகைகள். சுற்றிலும் ஏறத்தாழ 117 ஏக்கர் நிலம். கடற்கரைச் சாலை இல்லாத அக்காலத்தில் அலைகள் அரண்மனைக்கு இன்னும் அருகில் இருந்தன. இன்றைய கிரிக்கெட் மைதானமும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் அந்த அரண்மனையின் சுற்றுவட்டத்தில் எழுந்தவையே. இந்திய, இஸ்லாமியக் கட்டடக் கூறுகளை ஐரோப்பிய முறையோடு இணைத்த பாணியின் மிகத் தொடக்ககால எடுத்துக்காட்டாக இதைக் கூறுவர்.

இதைக் கட்டியவர் பால் பென்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் எனக் கருதப்படுகிறது. அவர் கம்பெனி ஊழியர். பின்னாளில் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவரும் அவரே! இந்த இடத்தில்தான் அரண்மனையின் கதை கடனின் கதையாக மாறுகிறது.

வட்டி விழுங்கிய நாடு

நவாபைக் கடனில் தள்ளியவை முதலில் போர்கள். கம்பெனிப் படைகளின் செலவு அவர் கணக்கில் எழுதப்பட்டது. அதைக் கட்ட அவர் கடன் வாங்கினார். கடனைக் கொடுத்தவர்களோ அதே கம்பெனியின் ஊழியர்கள். போர்ச் செலவோடு அரண்மனை வாழ்வின் செலவும் சேர்ந்தது. 1767இல் பழைய கடன்கள் தொகுக்கப்பட்டு, ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று வகுக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த வட்டியை நோக்க அது பெரிய குறைப்பாகக் கருதப்பட்டது என்றால், முந்தைய நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரிவசூல் உரிமை எழுதிக்கொடுக்கப்பட்டது. குடியானவர் செலுத்திய வரி, நாட்டின் ஏரி குளங்களுக்குச் செல்லாமல் கடன்காரர்களின் பெட்டிக்குச் சென்றது.

1776இல் ஆளுநர் பிகட் பிரபு தஞ்சை நாட்டை அதன் மன்னரிடமே திருப்பி ஒப்படைத்தபோது, தஞ்சை வருவாயின் மீதும் பிறர் மீதுமாக ஏறத்தாழ 2,30,000 பவுண்டு தமக்கு வரவேண்டும் என்று பென்ஃபீல்ட் உரிமை கோரினார். பிகட் அதை ஏற்க மறுத்தார். அதனால் மூண்ட பூசலில் ஆளுநரையே அவருடைய ஆலோசனைக் குழுவினர் சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்துபோனார். ஒரு நவாபின் கடன்பத்திரம் ஆங்கிலேய ஆளுநரையும் பலி கொண்டது. 1785 பிப்ரவரியில் இலண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்றிய புகழ்பெற்ற உரை ஒன்றின் பொருளே ஆர்க்காட்டு நவாபின் கடன்கள்தான்.

1795 அக்டோபரில் முஹம்மது அலீ மறைந்தார். அவருடைய மைந்தர் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் மறைந்தார். அதே மாத இறுதியில் அஸீமுத் தௌலா ஒப்பமிட்ட உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். கடன் கணக்கோ அப்போதும் தீரவில்லை. அதை ஆராய 1805இல் அமைக்கப்பட்ட ஆணையக்குழுவின் முன் வந்த கோரிக்கைகளின் மொத்தத் தொகை 3 கோடி பவுண்டைத் தாண்டியது. அவற்றுள் உண்மையென ஏற்கப்பட்டது பத்தில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைவு. போலிப் பத்திரங்கள் அவ்வளவு பெருகியிருந்தன.

1855இல் நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் ஆண் வாரிசின்றி இறந்தார். பட்டம் ஒழிக்கப்பட்டது. அரண்மனை அரசின் உடைமையாயிற்று. இராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் இரு மாளிகைகளுக்கும் இடையே ஒரு கோபுரத்தை எழுப்பினார். அது அலுவலகக் கட்டடமாகவே தொடர்ந்தது. 2012 ஜனவரியில் நேர்ந்த தீவிபத்தில் கலஸ் மஹால் கடுமையாகச் சேதமடைந்தது. தீயணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பின்னர் பொதுப்பணித் துறை அதைப் பழைய முறையிலேயே செப்பனிட்டது.

பிள்ளையின் கேள்விக்கு இது பாதி விடை. சூழ்ச்சி உண்டு, அநீதி உண்டு. நான் அவற்றை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சூழ்ச்சிக்குக் கதவு திறந்துவிட்டது வட்டிக் கடன். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தொழுகையிலேயே கடனை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள் என்று ஹதீஸில் படிக்கிறோம். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான் என்று அதற்குக் காரணமும் விளக்கினார்கள். சேப்பாக்கத்தின் வாசலில் நின்று இந்த ஹதீஸை எண்ணும்போது அதன் ஆழம் விளங்குகிறது.

எண்ணாக மாறிய திக்ரு

சேப்பாக்கத்திலிருந்து மேற்கே சிறிது தூரத்தில், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், வாலாஜா பெரிய பள்ளிவாசல். ளுஹர் தொழுகைக்கு அங்கே சேர்ந்தோம். அதே நவாபின் பெயரைத் தாங்கிய பள்ளி. அவர் மறைந்த அதே 1795ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மரமும் இரும்பும் சேர்க்காமல் சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுப்பப்பட்டது என்பது இதன் தனிச்சிறப்பு. முன்னே பரந்த திடல், இருபுறமும் உயர்ந்த மினாராக்கள். உள்ளே நுழைந்தவுடன் வெயிலின் வெம்மை அடங்கிவிடுகிறது.

மிஹ்ராபின் மேல் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள ‘திக்ருல்லாஹு அக்பர்’ என்னும் சொற்களைப் பிள்ளைக்குக் காட்டினேன். ‘அல்லாஹ்வை நினைவுகூர்வதே மிகப் பெரிது’ என்பது பொருள். அல்அன்கபூத் அத்தியாயத்தின் 45ஆம் வசனத்தை நினைவூட்டும் சொற்கள். ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ‘அப்ஜத்’ என்று அம்முறையைச் சொல்வோம். தாளையும் பேனாவையும் எடுத்து நாங்கள் அங்கேயே கூட்டிப் பார்த்தோம்.

‘திக்ர்’ என்பதில் தால் 700, காஃப் 20, ரா 200, ஆக 920. ‘அல்லாஹ்’ என்பதில் அலிஃப் 1, லாம் 30, லாம் 30, ஹா 5, ஆக 66. ‘அக்பர்’ என்பதில் அலிஃப் 1, காஃப் 20, பா 2, ரா 200, ஆக 223. மூன்றையும் கூட்டினால் 1209. பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு அதுவே! ஆங்கிலக் கணக்கில் 1794–95. பிள்ளையின் முகத்தில் தோன்றிய வியப்பை நான் மறக்க மாட்டேன்.

இந்தச் சொற்களைத் தேர்ந்து அமைத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? நவாபிடம் முன்ஷியாகப் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். தொழுகையாளிகள் நாள்தோறும் முன்னோக்கும் இடத்தில், ஓர் இந்து அன்பரின் புலமை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது.

பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருப்போருள் இருவரை மட்டும் இங்கே குறிப்பிடுகின்றேன். ஒருவர் இலக்னோவின் ஃபிரங்கி மஹல் அறிஞர் மரபில் வந்த மௌலானா அப்துல் அலீ (ரஹ்). ‘பஹ்ருல் உலூம்’, அதாவது கல்விக்கடல் என்று உலமாக்களால் போற்றப்பட்டவர். நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து, மதரஸாவில் பாடம் நடத்தி, 1810இல் இங்கேயே மறைந்தார். மதரஸா ஆசிரியனாகிய எனக்கு இந்நகரின் மிகப் பெரிய காட்சி இந்த அடக்கத்தலம்தான். மற்றவர் 1972 ஏப்ரலில் மறைந்த கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்). நாடாளுமன்றத்தில் அமர்ந்த அந்தத் தலைவரின் கப்ரு எவ்வளவு எளிமையாக இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

ரமளானில் இங்கே வந்தால் இன்னொன்றையும் காணலாம். பிரிவினையின்போது சிந்துவை விட்டு வந்த இந்துக் குடும்பங்களைச் சேர்ந்த அன்பர்கள், மயிலாப்பூரில் உணவு சமைத்துக் கொண்டுவந்து, நோன்பாளிகளுக்கு இப்பள்ளியில் இஃப்தார் பரிமாறுகின்றனர். இது பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. காலையில் நாங்கள் குளக்கரையில் கண்ட மயிலைதான் மாலையில் நோன்பு திறக்க உணவு அனுப்புகிறது!

இராயப்பேட்டை வழியாகத் திரும்புகையில்

இராயப்பேட்டையில் அமீர் மஹால் இருக்கிறது. 1798இல் கம்பெனியின் அலுவலகமாகக் கட்டப்பட்டது. நவாப் பட்டம் ஒழிந்தபின், 1867இல் அவ்வமிசத்தாருக்கு ‘ஆர்க்காட்டு இளவரசர்’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. 1876 முதல் அவர்கள் குடும்பம் இங்கே வாழ்கிறது. குடியிருக்கும் இல்லமாதலால் வெளியிலிருந்தே பார்க்க வேண்டும்.

அதே இராயப்பேட்டையில், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் தொடங்கிய புதுக்கல்லூரி நிற்கிறது. தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் அவர்கள் 1955இல் நிறுவிய மகளிர் கல்லூரி இருக்கிறது. பட்டமும் படையும் இல்லாத மனிதர்கள் பலரிடம் நன்கொடை திரட்டி எழுப்பியவை இவை. அங்கே பல சமயத்துப் பிள்ளைகளும் படித்து வெளியேறுகின்றனர். அண்ணா சாலையில் ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலையும் கடந்தோம். ஷீஆ சகோதரர்கள் முஹர்ரம் நாள்களில் ஒன்றுகூடிய மண்டபத்தில் ஏற்றிய ஆயிரம் எண்ணெய் விளக்குகளே அப்பகுதிக்குப் பெயராயின என்பர்.

வண்டியில் வரும்போது பிள்ளையிடம் சொன்னேன்: “நீ கேட்டாயே, ஏன் நம்மிடம் இல்லை என்று! காலையிலிருந்து பார்த்ததை எண்ணிப் பார். நவாப் தமக்கென்று கட்டியது நூறாண்டு முடிவதற்குள் கைமாறிவிட்டது. அவர் காலத்தில் அல்லாஹ்வுக்கென்று கட்டியதில் நீ இன்று ளுஹர் தொழுதாய். அண்டை வீட்டாருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் குளத்தில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. அவர் அழைத்து வந்த ஆலிமின் கல்வி, மாணவர் வழியாக இன்னும் ஓடுகிறது. எது நம்மிடம் இல்லை?”

மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் முடிந்துவிடுகின்றன. நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, தனக்காகத் துஆச் செய்யும் நற்பிள்ளை ஆகிய மூன்று மட்டுமே தொடரும் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சென்னையின் தென்பகுதியை ஒருமுறை சுற்றி வந்தால், அந்த ஹதீஸின் விளக்கவுரையைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கையையும் சொல்லாமல் முடிப்பது முறையாகாது. வக்ஃபு தானாக நிற்பதில்லை. அதன் கணக்கை நேர்மையாக எழுதுவோரும், அதன் எல்லையைக் காப்போரும், அதன் வருமானத்தைத் தம் வீட்டு வருமானத்தோடு கலக்காதோரும் இருந்தால்தான் அது நிற்கும். உஸ்கான் பாலத்தைக் கட்டியபோதே அதன் பராமரிப்புக்கும் பணம் வைத்தார். நம் ஊர்ப் பள்ளிவாசல், மதரஸா, கப்ருஸ்தான் ஆகியவற்றின் ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஜமாஅத்தில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது, பழம்பெருமை பேசுவதை விட மேலானது.

என் மைத்துனர் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. திருமணச் செலவுக்காக நகையை அடகு வைத்து வட்டிக்குப் பணம் வாங்க அவர் எண்ணியிருந்ததை என் மனைவி முன்பே சொல்லியிருந்தாள். நானாக அதைப் பற்றிப் பேசவில்லை. இரவு உணவுக்குப் பிறகு, வாங்க வேண்டியவற்றின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு பேனாவால் சில வரிகளை அடித்துவிட்டு, “மச்சான், இருக்கிறதை வச்சு முடிச்சுக்கலாம்னு தோணுது. அல்லாஹ் போதுமானவன்” என்றார்.

நீங்களும் விடுமுறையில் சென்னை வந்தால், கடற்கரையோடும் கடைவீதியோடும் நின்றுவிடாதீர்கள். பிள்ளைகளின் கையில் தாளும் பேனாவும் கொடுத்து வாலாஜா பள்ளிவாசலின் எழுத்துகளைக் கூட்டச் சொல்லுங்கள். சேப்பாக்கத்தின் முன் நிறுத்திக் கடனின் கதையைச் சொல்லுங்கள். நாம் விட்டுச் செல்லப்போவது எது என்று உங்களையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டியின் பிடியிலிருந்தும் வீண்பெருமையிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்து, நமக்குப் பின்னும் நிலைக்கும் நற்காரியங்களை நம் கைகளால் செய்து முடிக்கத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.